வாசல்முறை

நெட்டேந்தல்காரர்கள் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு ஆடி மாதத்துக் காலையில் குவைத்திலிருந்து கிளம்பிய விமானம் ஐந்து மணி நேரத்தில் திருச்சியில் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை, விழவும் இல்லை, காணாமல் போகவும் இல்லை, பறந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான். அந்த ஆறு பேரில் ஒருத்தி சங்கவியின் அம்மா செண்பகவல்லி. அவளுக்கு ஜன்னலோர இருக்கை.

வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் வேன் பிடித்துக்கொண்டு ஊரோடு போய் ஏர்போர்ட் வாசலில் நிற்பது நெட்டேந்தலின் வழக்கம். வருகிறவர் ஒருத்தர், கூப்பிடப் போகிறவர்கள் இருபது பேர், திரும்பும்போது வந்தவருக்கும் அவர் பெட்டிக்கும் எங்கே இடம் என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். அன்றைக்குச் செண்பகவல்லியின் அண்ணன் கதிரேசன் தன் சொந்த வேனையே எடுத்தார். புளிச்சோற்றுத் தூக்குகள் ஏறின, அவித்த முட்டை ஏறியது, ஆறு வீட்டு ஆட்களும் ஏறினார்கள், கீரனூர் தாண்டுவதற்குள் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தன, கதிரேசனின் பெண்டாட்டி அழகம்மாள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே எல்லோரையும் திட்டினாள், எல்லாம் வழக்கப்படி நடந்தது. விமானம்தான் நடக்கவில்லை.

வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற சங்கவியின் ஃபோன் அடித்தது.

“ஆத்தா, கடலத் தாண்டப் போறோம். சீட்டுக்கு முன்னால இருக்க டிவில இன்னும் ஒரு மணி நாப்பது நிமிசம்னு போட்டுருக்கு. வண்டியக் கெளப்பிற வேணாம்னு மாமாட்ட சொல்லு.”

“நாங்க எதுக்கும்மா கெளப்பப் போறோம். நீ வா.”

சாயங்காலம் கேட்டாள், ஒரு மணி நாற்பது நிமிடம். மறுநாள் கேட்டாள், அதே ஒரு மணி நாற்பது நிமிடம். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “வந்துட்டிருக்கு” என்றாள். பொய் இல்லை, வந்துகொண்டுதான் இருந்தது. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நெட்டேந்தலுக்கு மேலே, வேப்பமரத்து உச்சிக்குக் கொஞ்சம் தள்ளி, ஜன்னல்களை எண்ணுகிற உயரத்தில், திருச்சியைப் பார்த்துப் போனது. அதற்கு மறுநாளும் அதே நேரத்துக்கு, அதே பக்கமிருந்து, அதே திருச்சியைப் பார்த்துப் போனது. திரும்பிப் போனதை யாரும் பார்க்கவில்லை, வந்ததை மட்டும்தான் தினமும் பார்த்தார்கள்.

பறக்கிற விமானத்தில் டவர் எப்படிக் கிடைக்கிறது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. நெட்டேந்தலில் மொட்டை மாடிக்கு ஏறினால்தான் டவரே கிடைக்கும், மேலே போகப் போக நன்றாகத்தானே கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் நடுவில் ஒரு வளைந்த கோட்டை இழுத்துத் தூரமும் நேரமும் சொல்கிற பக்கம் ஒன்று இணையத்தில் இருந்தது. சங்கவி அதைத் தினமும் போட்டுப் பார்த்தாள். மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். ஒரு கிலோமீட்டர்கூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தூரம் அப்படியே இருக்கிறது, விமானம் நிற்காமல் ஓடுகிறது, அப்புறம் ஏன் வந்து சேரவில்லை என்று ஃபோனைப் பார்த்துக் கேட்டாள். ஃபோன் மறுபடி ஐந்து மணி நேரம் என்றது. கட்டிலில் விட்டெறிந்தாள்.

பழகுவதற்கு ஊருக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாரியம்மன் திருவிழாவில் முதல் நாள் இன்னார் வீட்டு மண்டகப்படி, இரண்டாம் நாள் இன்னார் வீட்டு மண்டகப்படி என்று பிரித்துக்கொள்வது போல, ஏர்போர்ட் வாசலில் நிற்பதையும் ஆறு வீட்டுக்கும் முறை வைத்துப் பிரித்தார்கள். கதிரேசன்தான் அதை எடுத்துச் சொன்னார். “அடுத்தவன் வீட்ல பாத்திரம் தேச்சு, அடுத்தவன் பிள்ளைக்குக் கால் கழுவி விட்டுட்டு வாரவ எறங்குறப்ப, வாசல்ல ஊர் மொகம் ஒண்ணாச்சும் இருக்கணும். இல்லாட்டி எதுக்கு எறங்கணும்” என்றார். ஆகையால் பகலோ ராவோ அந்த வாசல் ஒரு நொடிகூட நெட்டேந்தல் முகம் இல்லாமல் இருக்கக் கூடாது என்று முடிவானது. முறைக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அடுத்த முறைக்காரர் வந்து அவர் கையைத் தொட்ட பிறகுதான் பிடியை விடுவார். அப்படியே ஆவணி போனது, தீபாவளி போனது, பொங்கல் போனது, கம்பி அந்த ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து பளபளத்தது, காவலுக்கு நிற்கிற போலீஸ்காரர் நெட்டேந்தல் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போனார்.

மேலே இருந்தவர்களை விட்டுவிட்டு ஊரில் எதுவும் நடக்கவில்லை. வாய்க்கால் வரப்புத் தகராறில் அடைக்கலத்தின் பேச்சு முக்கியம், அடைக்கலமோ விமானத்தில், ஆகவே அவர் லைனில் இருந்த ஃபோனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, முன்னால் ஒரு கிளாஸ் டீயும் வைத்துப் பஞ்சாயத்துப் பேசினார்கள். அவர் கோபத்தில் ஃபோனைக் கட் பண்ணியபோது, எழுந்து போய்விட்டார் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு கூட்டம் கலைந்தது, ஆறிப்போன டீயை நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தவர் எடுத்துக் குடித்தார். ஒரு குழந்தைக்குத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும், தாய்மாமன் மேலே, ஆகவே அவன் பழைய சட்டையைப் பாயில் விரித்து அதன்மேல் குழந்தையை உட்கார வைத்துக் குத்தினார்கள், குழந்தை சட்டையில் மூத்திரம் பெய்தது, மாமனுக்கு நல்ல ராசி என்றார்கள்.

அடைக்கலத்தின் அப்பா செத்தபோது சாயங்காலம் வரைக்கும் பிணத்தை எடுக்காமல் வைத்திருந்தார்கள். விமானத்தின் சத்தம் கேட்டதும் சுடுகாட்டில் எல்லோரும் அண்ணாந்தார்கள். “வையிடா” என்று அடைக்கலம் மேலேயிருந்து ஃபோனில் சொன்னார், சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். அன்றைக்கு விமானம் லேசாக அந்தப் பக்கம் சாய்ந்து போனது, ஏனென்றால் உள்ளே இருந்த அத்தனை பேரும் பார்ப்பதற்கு ஒரே பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

உள்ளேயும் ஒரு ஊர் நடந்தது. சலூன் வைத்திருந்த முத்துக்கருப்பு கடைசி வரிசையில் கக்கூஸுக்குப் பக்கத்தில் முடி வெட்டினார், பைலட்டுக்கும் வெட்டினார். செண்பகவல்லி பணிப்பெண்களுக்குத் தலை சீவி இறுக்கிப் பின்னி விட்டாள், அவர்கள் அவளை அக்கா என்றார்கள். உப்புமா தீர்ந்தபாடில்லை, காபித்தூளும் தீர்ந்தபாடில்லை.

“காலு வீங்குதுதான். ஆனா நெசத்தச் சொல்லணும்னா ஆத்தா, ஏழு வருசத்துல இப்பத்தான் நா ஒக்காந்துருக்கேன். சோத்தக் கொண்டாந்து முன்னால வைக்கிறாளுக. தட்டயும் அவளுகளே எடுத்துட்டுப் போறாளுக.”

“அப்ப அங்கயே இரு.”

“ஏன்டி இப்பிடி வெடுக்குனு பேசுற?”

“பின்ன எப்பிடிப் பேசுறது.”

சங்கவிக்கு மட்டும் பழகவில்லை. அவளுக்குக் கொதிக்கிற உலைக்கு முன்னால்கூடக் காத்து நிற்க முடியாது, வேகாத சோற்றை வடித்துவிட்டு ஏச்சு வாங்குகிறவள். அம்மா குவைத்தில் இருந்த ஏழு வருடமும் ஃபோனில்தான் இருந்தாள், விமானத்தில் ஏறிய பிறகும் ஃபோனில்தான் இருக்கிறாள், மாறியது என்னவென்றால் இப்போது பேசும்போது அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது, கழுத்து வலிக்கிறது. இதை அவள் அழகம்மாளிடம் சொன்னபோது, பெற்றவளைப் பற்றிப் பேசுகிற பேச்சா என்று அத்தை ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்தது சங்கவிக்கு வசதியாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தை விட்டதும் இதனால்தான். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு சார் போர்டில் ஒரு கணக்கு எழுதினார், இத்தனை கிலோமீட்டரை இத்தனை வேகத்தில் கடக்கிற விமானம் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும். வகுப்பே ஐந்து மணி நேரம் என்று எழுதியது. சங்கவி, தெரியாது என்று எழுதினாள். சார் தப்புப் போட்டார்.

“தெரியாதுன்றது விடையாம்மா?”

“மேல பாருங்க சார். அஞ்சு மணி நேரம்னா அந்தப் பிளேனத் தப்புன்னு சொல்லுங்க.”

சரியாக அந்த நேரத்துக்கு விமானம் பள்ளிக்கூடத்து ஓட்டுக்கு மேலே போனது, ஓடுகள் கடகடவென்று ஆடின, சார் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார், பார்த்துவிட்டு அடுத்த கணக்கை எழுதத் தொடங்கினார். சங்கவி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள் மறுபடி போகவில்லை. சார்மேல் கோபம் இல்லை, அந்த பெஞ்சில் இனி ஒரு நிமிடம் உட்கார முடியாது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் என்ன என்றால், அதற்கப்புறம் எதுவும் இல்லை. கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற வீட்டுக்கு மாடி எடுக்கலாமா, அம்மா இறங்கட்டும். தையல் வகுப்புக்குப் போகவா, அம்மா இறங்கட்டும். சிவகங்கையில் ஒரு துணிக்கடையில் ஆள் கேட்கிறார்கள், அம்மா இறங்கட்டும். முடியைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளவா என்றதற்குக்கூட அழகம்மாள், “ஒங்காத்தா எறங்கட்டும்டி, ஒரு மணி நாப்பது நிமிசத்துல என்ன கொறஞ்சிறப் போகுது” என்றாள். சங்கவி கண்ணாடி முன்னால் நின்று தானே வெட்டிக்கொண்டாள், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியது, ஆனாலும் ஒரு காரியம் நடந்ததே என்று நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு அவளுக்குப் பத்தொன்பது முடிந்து சில நாள்.

கூடப் படித்தவளின் அக்கா குவைத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு ஆள் வேண்டும் என்றார்கள், சங்கவி நான் வருகிறேன் என்றாள். பாஸ்போர்ட்டுக்கு அவளே அலைந்தாள், மெடிக்கலுக்கு அவளே போனாள், விசா வந்தது, டிக்கெட் வந்தது, எதையும் ஒளிக்கவில்லை, ஒவ்வொன்றையும் வீட்டில் சொன்னாள், அவர்கள்தான் காதில் வாங்கவில்லை. டிக்கெட்டைக் கையில் பார்த்த பிறகுதான் அழகம்மாள் நாளைக் கணக்குப் பார்த்துவிட்டு நெஞ்சில் கையை வைத்தாள்.

“அன்னைக்கு நம்ம வீட்டு முறைடி.”

“தெரியும். வேற நாள் டிக்கெட் இல்ல.”

“முறை அன்னைக்கு வாசல்ல நிக்காம மறுவாசல் வழியா போவியா? எவ எவ என்ன பேசுவாளுக?”

“நீங்க பேசுறதத்தான் அவங்களும் பேசுவாங்க.”

அன்று சாயங்காலம் மொட்டை மாடிக்கு ஏறி, விமானம் மேலே வருகிற நேரம் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

“விசா வந்துருச்சும்மா. புதன்கெழம போறேன்.”

“நா எறங்கிர்றேன் ஆத்தா. எறங்கி ஒம் மொகத்த ஒரு தடவ பாத்துட்டு, மறுநா நானே அனுப்பி வைக்கிறேன்.”

“வேலை குடுக்குறவன் காத்துக்கிட்டு இருக்க மாட்டாம்மா.”

“இன்னும் ஒரு மணி நாப்பது நிமிசந்தான.”

“ஒன்றர வருசமா அதான் சொல்ற.”

ஃபோனில் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. அதே சத்தம் தலைக்கு மேலேயும் கேட்டது, ஃபோனில் கொஞ்சம் பிந்திக் கேட்டது.

“நா என்ன பண்ணட்டும்? எறங்கி நடந்தா வர முடியும்?”

“முடியாது. அதான் நான் வர்றேன்.”

“எங்கடி?”

“நீ வர்ற வழியிலதான.”

“நா எறங்குறப்ப நீ இல்லன்னா,” என்றாள் செண்பகவல்லி, “நா யாருக்காக எறங்கணும்?”

தெரியாததைத் தெரிந்தது மாதிரிச் சொல்லச் சங்கவிக்கு வராது. “நீயே யோசிச்சுக்கம்மா” என்றாள். ஊருக்கு மேலே விமானம் தாண்டிப் போனது, கூரைகளும் மாட்டுக் கொட்டகையும் ஒரு நொடி இருட்டி வெளுத்தன, அவள் கீழே இறங்கி வந்து துணி மடித்தாள். மடித்த துணியை மறுபடி உதறி மறுபடி மடித்தாள். அம்மா முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள், ஃபோனில் கடைசியாகப் பார்த்த முகம்தான் வந்தது, அதுவும் பாதிதான், மீதி ஃபோனைப் பிடித்திருந்த கை.

புதன்கிழமை வேனில் இரண்டே பேர். நெட்டேந்தலில் யார் வெளிநாடு போனாலும் வழியனுப்பவும் இருபது பேர் வருவார்கள், சங்கவிக்கு ஒருவரும் வரவில்லை, கதிரேசனும் முறைக்குத்தான் வந்தேன், உனக்காக வரவில்லை என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார். கீரனூரில் டீக்கு நிறுத்தினார்.

“வடை திங்கிறியா?”

“வேணாம் மாமா. நேரமாச்சு.”

“ஒனக்கு எப்பத்தான் நேரமாகல. பொறக்குறப்பவே எட்டு மாசத்துல வந்து விழுந்தவ நீ.”

வாசல் கம்பியில் முத்துக்கருப்பின் மனைவி ஜெயக்கொடி நின்றுகொண்டிருந்தாள், முந்தின நாள் அவர்கள் வீட்டு முறை. சங்கவியின் பெட்டியைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கதிரேசன் வந்து தன் கையைத் தொட்டதும் பிடியை விட்டாள், பஸ்ஸுக்குப் போனாள். கதிரேசன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்ப நான் வர்றேன் மாமா.”

அவர் எதிரே இருந்த கண்ணாடிக் கதவையே பார்த்தார். “கம்பிய விட்டு நான் வர முடியாது. தெரியுமில்ல?”

“நான் கூப்பிடலயே.”

புறப்படுகிற வாசல் கட்டிடத்தின் அந்தக் கடைசியில் இருந்தது. சங்கவி பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள், பெட்டியின் ஒரு சக்கரம் சிக்கி நேராக வராமல் இழுத்தது, அங்கே கூட்டம் கூட்டமாக நின்று ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தவர்களுக்கு நடுவில் அவள் மட்டும் தனியாகப் பெட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. கதிரேசன் பார்த்துக்கொண்டே நின்றார். எவ்வளவு நேரம் ஒரு மனிதன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கம்பியை விட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார், பெட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டார், போலீஸ்காரர் டிக்கெட் கேட்கிற இடம் வரைக்கும் கொண்டுபோய் இறக்கினார்.

“மாமா, அங்க வாசல்ல யாரும் இல்ல.”

“தெரியுது. போ.”

“ஊர்ல ஏசுவாங்க.”

“ஏசட்டும். சாப்பிட்டுக்க. எவன் கத்துனாலும் திருப்பிக் கத்தாத, மொதல்ல அவன் சொல்றதக் கேட்டுட்டு அப்புறம் கத்து.”

அவள் உள்ளே போனாள். அவர் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். அங்கே இன்னொரு கடைசியில், ஒன்றரை வருடமாக ஒரு கைக்கு அப்புறம் இன்னொரு கை பிடித்துக்கொண்டே இருந்த கம்பி வெறுமனே கிடந்தது, வெயில்தான் அதன்மேல் விழுந்தது.

சங்கவியின் விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. முன் இருக்கையின் முதுகில் இருந்த டிவியில் வளைந்த கோடும், கோட்டில் ஒரு குட்டி விமானமும், மிச்சமிருக்கிற நேரமும் தெரிந்தன, அவள் உப்புமாவைக்கூடப் பிரிக்காமல் அந்த எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தாள், குறைந்தது, மறுபடி குறைந்தது, ஒவ்வொரு தடவை குறையும்போதும் மூச்சு விட்டாள். கரை முடிந்து கடல் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் விமானம் வேகத்தைக் குறைத்து ஓரமாக ஒதுங்கியது, குறுகலான பாலத்தில் எதிரே வருகிற பஸ்ஸுக்கு வழி விடுகிற மாதிரி. பக்கத்து இருக்கைக்காரர் பேப்பரை இறக்கி, “எதுத்தாப்ல வண்டி வருது” என்றார்.

வந்தது. பாதி வயிற்றில் பெயின்ட் உரிந்து, இறக்கையில் பறவை எச்சத்தோடு, மெதுவாக, ஜன்னல் ஜன்னலாக நகர்ந்து போனது. ஒரு ஜன்னலில் முத்துக்கருப்பு சீப்பை வாயில் கவ்விக்கொண்டு யாருடைய தலையிலோ கவனமாக இருந்தார். ஒன்றில் அடைக்கலம் தூங்கினார். அடுத்ததில் அம்மா இருந்தாள். நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள், முன்னுச்சியில் நரைத்திருந்தது, முகம் கொஞ்சம் ஊதியிருந்தது, ஃபோனில் தெரிகிறதைவிட மூக்கு பெரியது. சங்கவி கண்ணாடியைத் தட்டினாள். அம்மா நிமிர்ந்தாள். முதலில் யாரோ என்று பார்த்தாள், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்த முடியைப் பார்த்தாள், அப்புறம் வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று சங்கவிக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று தலையை ஆட்டினாள். அம்மா மறுபடி சொன்னாள், கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள், அதற்குள் ஜன்னல் நகர்ந்துவிட்டது, அடுத்த ஜன்னல் வந்தது, வால் வந்தது, வானம் வந்தது. சங்கவி பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசை வரைக்கும் ஓடினாள், பணிப்பெண் பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைத்தாள். டிவியில் எண் குறைந்துகொண்டே போனது. இப்போது குறைய வேண்டாம் என்று இருந்தது. அது யாரைக் கேட்டது, குறைந்துகொண்டே போனது.

குவைத்தில் முத்திரை போடுகிற வரிசையில் நின்றபடி ஏர்போர்ட் வைஃபையில் ஃபோனை இணைத்தபோது மாமாவின் எண்ணிலிருந்து ஒன்பது அழைப்புகள் வந்திருந்தன. கூப்பிட்டாள். எடுத்தது மாமா இல்லை.

“எறங்கிட்டேன் ஆத்தா.” வேன் ஓடுகிற சத்தம், ஹாரன், யாரோ எதற்கோ சிரிக்கிற சத்தம். “நீ போன பெறகு டிவில எண்ணு மாறிருச்சு. ஒருத்தருக்கும் நம்பிக்கை வரல, எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாத்துக்கிட்டே வந்தோம். வெளிய வந்தா வாசல்ல ஒரு ஈ காக்கா இல்ல. அடைக்கலத்துக்குக் கோவம், பஸ் ஏறிப் போயிட்டான். நா அங்கிட்டும் இங்கிட்டும் தேடிப் போனா, ஒம் மாமன் புறப்படுற வாசல்ல கண்ணாடில மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறான். தோளத் தட்டுறேன், கொஞ்சம் இரும்மா, பிள்ள உள்ள போயிருக்குன்றான், என்னய யாருன்னு பாக்கவே இல்ல.”

சங்கவி சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“ஜன்னல்ல என்னம்மா சொன்ன? ஒண்ணும் புரியல.”

“முடிய யாருடி இப்பிடிக் கடிச்சு வச்சதுன்னு கேட்டேன்.”

“நாந்தான்.”

“அதான பாத்தேன். அங்க இப்ப மணி என்ன?”

ஏழு வருடம் அந்த ஊர் மணிக்கு எழுந்து அந்த ஊர் மணிக்குப் படுத்தவள் கேட்கிறாள்.

“ஒனக்குத் தெரியாதாம்மா?”

“தெரியும். நீ சொல்லு.”

எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம் இருந்தது. சங்கவி பார்த்துச் சொன்னாள். அம்மா தன் பக்கத்து மணியைச் சொன்னாள். பின்னால் நின்றவரின் பெட்டி குதிகாலில் இடித்தது, வரிசை நகர்ந்தது, ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே சங்கவியும் நகர்ந்தாள்.